ஒரு தட்டு

ஜனவரி 18, ஞாயிறு

உப்பு பாக்கெட் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. ஜாடி நேற்றுக் காலையே காலி. அப்படியானால் நேற்று நான் வைத்த அவரைக்காய்க் குழம்பில் உப்பே இல்லை. தட்டு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன், எனக்கு அது தெரியவேயில்லை.

பொங்கலுக்கு வந்த ஜீவகன் நேற்று மதியம் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். அவன் போனபின் எனக்கென்று சமைத்த முதல் சமையல் அது. அவன் அப்பா இருந்திருந்தால் முதல் கவளத்திலேயே, "மருதேவி, கடலு வத்திப் போச்சா?" என்று கேட்டிருப்பார். அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேலி பண்ணவும் ஆளில்லாத வீடு.

போகும் முன் ஜீவகன் இரண்டு வேலை செய்தான். ஒன்று, மார்ச் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொன்னான். "ஏப்ரல்ல வந்து கூட்டினு போறேன். மாடிய வாடகைக்கு விட்டுடலாம். இங்க தனியா உக்காந்துகினு இன்னா பண்ணப் போற?" இரண்டாவது, தன் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து எனக்கு ஒரு ப்ளாக் ஆரம்பித்துக் கொடுத்தான். "டைரி டைரியா எழுதறியே, அத இதுல எழுது. நாலு பேரு படிப்பாங்க." எழுதுகிறவர் பெயர் என்ற இடத்தில் ‘அம்மா’ என்று போட்டுவிட்டான். என் பெயரைப் போட அவனுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஜனவரி 22, வியாழன்

முதல் பதிவு போட்டேன். செஞ்சிக் கோட்டையைப் பற்றி. இந்த ஊரில் இருந்துகொண்டு வேறு எதைப் பற்றி எழுதுவது? போனில் ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. கறுப்புப் பின்னணி, சிவப்பு எழுத்து, ஓரத்தில் ரோஜாப்பூ. எனக்கு அழகாகத்தான் இருந்தது.

கீழே கவிதாவிடம் காட்டினேன். என் வீட்டுக்காரர் நடத்திய பாத்திரக்கடை இருந்த இடத்தில் இப்போது கவிதா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். நாற்பது வயதுக்காரி, வாய் நிற்காது. ஒரு நிமிஷம் படித்தாள்.

"இன்னாக்கா இது, கோட்ட வாசல்ல போர்டு வெச்ச மாதிரியே இருக்குது. அந்தச் செவப்ப முதல்ல மாத்துங்க. கண்ணு வலிக்குது."

மாற்றினேன். ரோஜாவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

பார்வைகள் என்று ஒரு கணக்குக் காட்டுகிறது. நேற்று இருந்ததைவிட இன்று நிறைய. யாரோ படிக்கிறார்கள்! மனசு துள்ளியது. கோட்டைப் பதிவு இரண்டு, அங்குள்ள யானைக்குளம் பற்றி ஒன்று என்று மளமளவென எழுதினேன்.

ஜனவரி 28, புதன்

அந்தப் பார்வையெல்லாம் நான்தானாம். "நீங்களே தெறந்து தெறந்து பாத்தா அதுவும் ஏறும்கா," என்றாள் கவிதா. சிரிக்காமல் சொன்னாள், அதற்கு நன்றி. நானே எழுதி நானே படித்து நானே குஷிப்பட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

ஜீவகன் பேசினான். அவனுக்கு அமெரிக்க ஆபீஸ் நேரம். எனக்கு மாலையென்றால் அவனுக்கு அப்போதுதான் விடிகிறது. எழுந்து காபி குடித்துக்கொண்டே பேசுவான். பின்னால் மருமகள் யாழினி, "அத்தைக்கு ரூம் ரெடி பண்ணிட்டேன்னு சொல்லுங்க," என்றாள். நல்ல பெண். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் போன வருஷம் அங்கே ஒரு மாதம் இருந்தேனே. ஆறு பேர் உட்காரும் மேஜை. பொழுது இறங்கியபின் நான் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் யாழினி எனக்கு முன்னாலேயே எடுத்து மூடி வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்துவிடுவாள். அவர்களும் ஜைனர்கள்தான், ஆனால் வேலை விடுகிறதா? அவர்கள் சாப்பிடும்போது நான் தூங்கியிருப்பேன். அந்த நீள மேஜையின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். இங்கே சுவராவது பழகிய சுவர்.

இங்கே தனியாகச் சாப்பிடுவதா, அங்கே தனியாகச் சாப்பிடுவதா? இவ்வளவுதான் அவன் கேட்கிற கேள்வி. அது அவனுக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மாசி அமாவாசை. விடிந்ததிலிருந்து மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸாக ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே தலைகள், மஞ்சள் துணிகள், அழுகிற குழந்தைகள். கவிதாவும் கடையைப் பூட்டிக்கொண்டு அங்காளம்மனைப் பார்க்கப் போய்விட்டாள். உலகமே என் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. ஒருவருக்கும் இங்கே இறங்க வேலையில்லை.

ப்ளாக்கில் ஏழு பதிவுகள் இருக்கின்றன. கிணற்றில் போட்ட கல்.

பிப்ரவரி 19, வியாழன்

இனி கோட்டையைப் பற்றி எழுதப் போவதில்லை. கோட்டைக்கு நான் ஒரு கேடா?

இன்று சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைப் படம் எடுத்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் குழம்பு கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தது. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அப்படியே எழுதிப் போட்டேன்.

‘சோறு, மொச்சைக் குழம்பு, கீரைப் பொரியல். எதிரே யாரும் இல்லை. நேரம் தாண்டுவதற்குள் முடித்துவிட்டேன். வாய் கொப்பளித்தாயிற்று. இனி தண்ணீர்கூடக் கிடையாது.’

அவ்வளவுதான். ப்ளாக்கின் பெயரையும் ‘ஒரு தட்டு’ என்று மாற்றினேன். கவிதா இதைத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவதாகச் சொன்னாள். போடட்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

சந்தை நாள். ரம்ஜான் நோன்பும் தொடங்கிவிட்டதால் தெருவில் பேரீச்சம்பழ வண்டிகள். முருங்கைக்கீரை வாங்கி வந்தேன். தட்டைப் படம் எடுத்துப் போட்டேன்.

எழுதியது: ‘கீரையில் உப்பு சரியாக இருந்தது. யாரிடம் சொல்வது, இங்கே சொல்கிறேன்.’

பிப்ரவரி 23, திங்கள்

பின்னூட்டம் வந்திருக்கிறது.

முதலில் விளம்பரம் என்று நினைத்தேன். இல்லை. பெயர் போடாமல் எழுதினால் அந்த இடத்தில் ‘பெயரில்லா’ என்று வரும் போல. பெயரில்லா எழுதியிருப்பது:

‘அக்கா, நானும் இதே நேரத்துக்கு தனியாத்தான் உக்காந்து சாப்பிடறேன். முடிச்சதும் நானும் தண்ணி குடிக்க முடியாது. உங்க தட்டப் பாத்துகினே சாப்பிட்டா தொண்டையில இறங்குது.’

எத்தனை முறை படித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன். அதை எழுத வெட்கமில்லை.

நம்மவர்தான், சந்தேகமே இல்லை. பொழுதுக்குள் சாப்பிட்டுவிட்டு வாயைக் கட்டுகிறவர்கள் வேறு யார்? தொண்டூர்ப் பக்கமாக இருக்கலாம். வந்தவாசியாகவும் இருக்கலாம். ஊர் கேட்கலாமா என்று கவிதாவிடம் யோசனை கேட்டேன். "இன்டர்நெட்ல ஊரெல்லாம் கேக்கக் கூடாதுக்கா, பயந்து ஓடிடுவாங்க," என்றாள். கேட்கவில்லை. ‘நாளைக்கும் உட்காருவோம்’ என்று மட்டும் பதில் போட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

பெயரில்லா தினமும் வருகிறார். இன்று கேட்டார்: ‘சாம்பார்ல வெங்காயமே காணமே, மறந்துட்டீங்களா அக்கா?’

சிரிப்பு வந்தது. வெளியூர் போய்விட்ட நம்மவர்கள் நிறையப் பேர் வெங்காயத்தைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். இவரும் அப்படித்தான். வெங்காயத்தை விடவில்லை, பொழுதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறாரே. குத்திக்காட்டாமல், ‘எனக்கு இப்படித்தான் பிடிக்கும்’ என்று எழுதினேன்.

மார்ச் 1, ஞாயிறு

பெயரில்லா இன்று கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார். ‘எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் அவருதான் என்னை எழுப்பி உக்கார வெப்பாரு. இப்ப நானே எழுந்து, நானே போட்டுகினு, நானே சாப்பிடறேன். மக கட்டிக்குடுத்த ஊர்ல இருக்கா.’

எழுப்பி உட்கார வைப்பாரா? தையல் மிஷினோ ஏதோ வைத்திருப்பார், வீட்டுக்காரர் அதிலிருந்து எழுப்புவார் போல.

எனக்கும் அப்படித்தானே. ராஜகிரி மலை எங்கள் மேற்கு ஜன்னலுக்கு நேரே நிற்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் போனாலும் ஊரில் வெளிச்சம் இருக்கும். பஞ்சாங்கப்படி இன்னும் பொழுது இருக்கிறதே என்பேன். "மல மறைச்சா மறைச்சதுதான். நம்ம ஊரு பஞ்சாங்கம் இந்த மலதான்," என்பார் அவர். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதற்குள் ஓடி வருவார். அந்த நேரத்தில் கேட்டைத் தட்ட ஊரில் யாருக்கும் துணிவு கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் நிம்மதியாக எதிரெதிரே உட்கார்ந்தது அந்த ஒரு நேரம்தான்.

இதையெல்லாம் ப்ளாக்கில் எழுதவில்லை. பெயரில்லாவுக்குத் தெரியாததா?

மார்ச் 4, புதன்

ஜீவகனிடம், "எனக்கு ஒருத்தர் படிக்கிறாங்கடா," என்றேன். "சூப்பர்மா. முடிவு பண்ணிட்டியா?" என்றான்.

மார்ச் 8, ஞாயிறு

கத்திரிக்காய்ப் பொரியல் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. அதையும் எழுதினேன். பெயரில்லாவிடம் மறைக்க என்ன இருக்கிறது?

மார்ச் 9, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் பெயரில்லாவின் பின்னூட்டம்:

‘அக்கா, உங்க நேரத்தப் பாத்து பயந்துட்டேன். பாங்கு சொல்லி முடிச்ச அப்புறமா சாப்பிட்டீங்க? அலாரம் அடிக்கலியா? நோன்பு கூடாம போயிடுமே அக்கா. போன் நம்பர் குடுங்க, நாளையிலேர்ந்து விடியகாலம் நானே எழுப்பி விடறேன்.’

ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு கவிதாவிடம் ஓடினேன். அவள் அங்கே இங்கே தட்டிவிட்டு என் பதிவின் அடியில் பொடி எழுத்தில் இருந்த நேரத்தைக் காட்டினாள். நேற்று மாலை நான் போட்ட பதிவில் விடியற்காலை ஐந்து இருபது என்று இருந்தது.

"அக்கா, உங்க ப்ளாக்கு அமெரிக்கா டைம்ல ஓடுது. உங்க புள்ள அவரு ஆபீஸ் டைமையே வெச்சிட்டாரு. இங்க சாயங்காலம்னா அங்க விடியகாலம்."

"இத்தன நாளு ஒண்ணும் சொல்லலியே, நேத்து மட்டும் ஏன்?"

போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அங்கே வருஷா வருஷம் இந்த மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்களாம். அது நேற்று நடந்திருக்கிறது. அதுவரை நான் சாப்பிட்டதெல்லாம் நாலே காலுக்கு, நாலரைக்கு என்று காட்டியிருக்கிறது. நோன்பு பிடிக்கிறவர்கள் எழுந்து சாப்பிடும் நேரம். நேற்று ஒரு மணி நேரம் தள்ளி, பாங்குக்குப் பின்னால் போய்விட்டது.

"அவங்க பாய் வீட்டம்மாக்கா," என்றாள் கவிதா. "நீங்களும் நோன்பு இருக்கறீங்கன்னு நெனச்சிருக்காங்க."

எழுப்பி உட்கார வைப்பார் என்றது அதுதான். வெங்காயம் கேட்டது அதனால்தான். எல்லாம் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. அவர் நம்மவர் என்று நான் நினைத்தேன், நான் அவர்களைச் சேர்ந்தவள் என்று அவர் நினைத்தார்.

"மாத்தவா? ஒரு தட்டு தட்டினா நம்ம ஊரு டைம் ஆயிடும். பழசு எல்லாமும் சாயங்காலம்னு காட்டும்."

"வேணாம்," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

எனக்கு வந்த பேச்சு எனக்கு வந்ததில்லையா? வேறு யாருக்கோ வந்த சோற்றை இத்தனை நாள் நான் சாப்பிட்டேனா?

மார்ச் 10, செவ்வாய்

ஒரு காரியம் செய்தேன். சாயங்காலச் சாப்பாட்டை ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னால் தள்ளிச் சாப்பிட்டேன். மதியச் சோறே இறங்கவில்லை, வெயில் மொட்டை மாடியில் கொளுத்துகிறது, நான் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பைத்தியக்காரி. அப்போது பதிவு போட்டால்தான் அங்கே பாங்குக்கு முந்தியதாகக் காட்டும்.

பதில் வந்துவிட்டது: ‘இன்னைக்குத்தான் எனக்கு நிம்மதி. நேரத்தோட முடிச்சிட்டீங்க. அல்ஹம்துலில்லாஹ்.’

நல்ல மனுஷி. நான்?

மார்ச் 11, புதன்

இன்றும் அப்படியே. பசியில்லாத சோறு. மலைமேல் சூரியன் நன்றாக நிற்கிறது, இறங்க எவ்வளவோ நேரம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். "பொய்ய வெச்சிகினு எப்படி மருதேவி உனக்குச் சோறு எறங்குது?"

இறங்கவில்லைங்க.

அந்தம்மா நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார். பக்கத்தில் ஒரு துணை அப்படியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருக்கிறார். நான் காலையில் இட்லியும் மதியம் சாதமும் சாப்பிட்டுவிட்டு அந்தத் துணையாக நடிக்கிறேன். உண்மையைச் சொன்னால் போய்விடுவார். போய்விட்டால் மறுபடியும் அந்தச் சுவர்தான். போகட்டும். சுவரை ஏமாற்ற வேண்டியதில்லை.

மார்ச் 12, வியாழன்

கவிதாவை அழைத்து நேரத்தை மாற்றச் சொன்னேன். அவள் தட்டியதும் பதிவுகளெல்லாம் மாலைக்கு வந்து நின்றன. பிறகு இதை எழுதிப் போட்டேன்:

‘நான் நோன்பு இருக்கவில்லை. நான் ஜைன வீட்டுக்காரி. செஞ்சியில் இருக்கிறேன். ராஜகிரிக்குப் பின்னால் பொழுது போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அதற்குமேல் எங்களுக்குத் தண்ணீரும் கிடையாது. நான் சாப்பிட்டதெல்லாம் மாலையில். ப்ளாக்கில் நேரம் தப்பாக இருந்தது. அது எனக்குத் தெரியாமல் நடந்தது. ஆனால் தெரிந்த பிறகும் இரண்டு நாள் சொல்லவில்லை. நீங்கள் போய்விடுவீர்களோ என்று பயந்து, பசிக்காமலே சீக்கிரம் சாப்பிட்டு, உங்கள் நேரம் மாதிரி காட்டினேன். மன்னித்துவிடுங்கள். உங்கள் நோன்பு நல்லபடி முடிய வேண்டும்.’

மார்ச் 13, வெள்ளி

ஒன்றும் வரவில்லை.

மார்ச் 14, சனி

ஒன்றும் வரவில்லை. ரசம் வைத்தேன். படம் எடுக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

ஜீவகன் பேசினான். "வாடகைக்கு ஒரு ஃபேமிலி கேக்கறாங்கம்மா, நல்ல ஆளுங்க. இன்னா சொல்ல?"

"சரின்னு சொல்லு," என்றேன்.

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். யாழினியைக் கூப்பிட்டான், அவளும் பேசினாள். போனை வைத்தபின் பீரோவைத் திறந்து எதை எடுத்துப் போவது என்று பார்த்தேன். தட்டுகளை எண்ணெய்த் துணியால் துடைத்து அடுக்கினேன். பாத்திரக்கடைக்காரர் வீட்டில் தட்டுகளுக்கா பஞ்சம்? அத்தனையும் பளபளவென்று இருக்கின்றன. ஒன்றில்தான் கீறல் விழுந்திருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

சாயங்காலம் சாப்பாட்டை எடுத்து வைக்கும்போது மாடிக் கேட் சத்தம். எட்டிப் பார்த்தேன். கறுப்புப் புர்கா, கையில் ஒயர்கூடை, என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் என்று நினைத்து, "கடை கீழம்மா," என்றேன்.

"கடையிலதான் கேட்டுகினு வரேன். அக்கா, நாந்தான் பெயரில்லா."

ஒரு நொடி வாசலை மறித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த நொடியில் என் மனசில் என்னென்னவோ ஓடியது. எதிர்வீட்டு ஜன்னல்கூட ஞாபகம் வந்தது. எழுதிவிடுகிறேன், இது என் டைரிதானே. அப்புறம் விலகி நின்று, "வாங்க," என்றேன்.

பெயர் தில்ஷாத். பள்ளிவாசல் தெரு. இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்! கவிதாவின் ஸ்டேட்டஸில்தான் பார்த்திருக்கிறார். செஞ்சி என்று நான் எழுதியபிறகுதான் நேரே கவிதாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஹாலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவரப் போய், பாதி வழியில் நினைவு வந்து சொம்போடு நின்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"கோவமாத்தான் இருந்தேன் அக்கா. ரெண்டு நாளு உங்க பக்கத்த தெறக்கவே இல்ல. யாரோ ஒருத்தங்க நம்மள வெச்சி வெளையாடிட்டாங்கன்னு இருந்துச்சி. அப்புறம் திரும்பப் படிச்சேன். பசிக்காமலே சீக்கிரம் சாப்ட்டேன்னு எழுதியிருந்தீங்களே."

"தப்புதான்."

"தப்பா? என் கூட சாப்படறதுக்காக இதுவரைக்கும் யாரும் நேரத்த மாத்தினதில்லக்கா. எம் மவளே மாத்தினதில்ல."

ஜன்னலில் சூரியன் மலைமேல் உட்கார்ந்துவிட்டது. அவரே பார்த்துவிட்டு, "உங்களுக்கு நேரமாவுது, நீங்க சாப்பிடுங்க," என்றார். நோன்பிருக்கும் ஒருவருக்கு முன் எப்படிச் சாப்பிடுவது? மாட்டேன் என்றேன். விடவில்லை. "நான் சாப்படறப்ப நீங்க உக்காந்திருங்க, கணக்கு சரியாப்பூடும்."

சாப்பிட்டேன். எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பொரியல் என்ன, எப்படிச் செய்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வாய் வறண்டிருந்தது, அதோடு பேசிக்கொண்டிருந்தார். நான் வாய் கொப்பளித்துவிட்டு வந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. வெளிச்சம் மிச்சமிருந்தது. என் நேரம் முடிந்து அவர் நேரம் தொடங்காத ஒரு கொஞ்ச நேரம். இருவரும் எதுவும் சாப்பிட முடியாமல் மேற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பாங்கு கேட்டது. ஒயர்கூடையைத் திறந்தார். பேரீச்சம்பழம், தர்பூசணித் துண்டுகள், சொந்தத் தண்ணீர் பாட்டில். "கஞ்சி கொண்டாரலாம்னு பாத்தேன். கறி போட்டது. உங்க வீட்டுக்குள்ள வேணாம்னு வுட்டுட்டேன்." முதல் பழத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

தொழ வேண்டும், எங்கே நிற்கலாம் என்று கேட்டார். மேற்கே பார்த்து நிற்க இந்த வீட்டில் இடம் தேடவே வேண்டாம். ஜன்னலைக் காட்டினேன். அவர் தொழுது முடிக்கும்வரை சமையலறையில் சத்தமில்லாமல் நின்றேன். கையில் ஒரு தட்டு இருந்தது, எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. அப்புறம் அதில் சோறு போட்டுக் கொடுத்தேன். பொழுதுக்குப் பின் இந்த வீட்டு அடுப்படியில் நான் யாருக்கும் சோறு போட்டதில்லை. இன்று போட்டேன். அவர் தெய்வம் கோபித்துக்கொள்ளாது, என் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.

போகும்போது படியில் நின்று, "நாளைக்கு வரட்டா?" என்றார்.

மார்ச் 18, புதன்

வந்தார். அமாவாசைக் கூட்டத்தில் தெருவைத் தாண்டவே முடியவில்லையாம்.

மார்ச் 19, வியாழன்

ஜீவகனைக் கூப்பிட்டேன். அவனுக்கு விடிகிற நேரம், காபி உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஏப்ரலில் வரவில்லை, மே மாதம் பத்து நாள் வந்து இருந்துவிட்டு வருகிறேன், மாடி வாடகைக்கு இல்லையென்று அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிடு என்றேன்.

"அங்க தனியா இருந்து இன்னாம்மா பண்ணுவ?"

"சாப்பிடுவேன்."

அவன் சிரித்தான். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டான்.

மார்ச் 21, சனி

ரம்ஜான். தில்ஷாத் மகள் வீட்டுக்கு ஆம்பூர் போயிருக்கிறார். போகுமுன் கேட்டில் பூப்போட்ட டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சேமியா, பாலும் முந்திரியும் மட்டும் போட்டது. மலை மறைப்பதற்குள் சாப்பிட்டேன்.

இன்று ஒரு தட்டுதான். நோன்பு முடிந்துவிட்டது. இனி சாயங்காலத்தில் காத்திருக்க அவருக்கு அவசியமில்லை, ஊரோடு சேர்ந்து ராத்திரியிலேயே சாப்பிடலாம். வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

மார்ச் 23, திங்கள்

ஆம்பூரிலிருந்து வந்துவிட்டதாகக் கவிதா சொன்னாள். இங்கே வரவில்லை. களைப்பாக இருக்கும்.

மார்ச் 24, செவ்வாய்

ஐந்தே முக்காலுக்குச் சாப்பிட்டோம். கீரைக் கூட்டு, ரசம். தில்ஷாத் முதல் வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, உப்பு?"

எழுந்து போய் ஜாடியை எடுத்து வந்தேன். ப்ளாக்கில் இன்று ஒன்றும் எழுதவில்லை.